பீப்பாய்க் கணக்கு

டோரு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு வந்து நாலு படம் அனுப்பியதும், காலேஜ் நண்பர்களிடமிருந்து வந்த முதல் பதில் இதுதான்: "மச்சி, ஊர் பார்க்கப் போனியா, சரக்கடிக்கப் போனியா?"

ரெண்டுக்கும்தான் மச்சி. இதில் மறைக்க என்ன இருக்கிறது? போர்ச்சுகலில் மேல்படிப்பு படிக்க வந்து ஒன்றரை வருஷமாகிறது. போர்ட்டோவில் இருந்துகொண்டு போர்ட் ஒயின் விளையும் ஊரைப் பார்க்காமல் திரும்புவது, திருநெல்வேலி வரைக்கும் போய்விட்டு அல்வா தின்னாமல் வருவது மாதிரி. அதனால் செப்டம்பர் கடைசியில், அறுவடை முடிகிற நேரமாகப் பார்த்து, மூன்று நாள் போய்வந்தேன். ஒயின் குடித்தேன். நன்றாக இருந்தது. எப்படி இருந்தது என்பதைக் கீழே விலாவாரியாகச் சொல்கிறேன், அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் :-)

ஆனால் இந்தப் பதிவு அதற்காக மட்டும் இல்லை. திரும்பி வந்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மலைச்சரிவின் அழகை வாய் பிளந்து பார்க்கிற நாம் யாரும் அந்த அழகுக்குக் காசு கொடுப்பதில்லை. கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காசு வேறு எங்கோ போகிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்கு முன்கதை.

முதலில் ரயில். போர்ட்டோவில் சாவ் பென்ட்டு என்று ஒரு ஸ்டேஷன். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க நீல ஓடுகளில் போர்ச்சுகல் சரித்திரம். ஏறத்தாழ 20,000 ஓடுகள். டோரு ரயிலில் ஏறினால் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். முதல் ஒரு மணி நேரம் சாதாரணம்தான். அப்புறம் ஒரு வளைவில் ஆறு வந்து ரயிலோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில இடங்களில் பத்தடிகூட இல்லை. ரேகுவா ஊரைத் தாண்டியதும் ரெண்டு பக்கமும் மலை. மலை முழுக்கப் படிகள். ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி.

1880-இல் இந்த ரயில் பின்யாவ் என்ற சின்ன ஊருக்கு வந்தது. அந்த ஸ்டேஷனிலும் ஓடுகள் உண்டு. மொத்தம் 24 சித்திரங்கள். 1937-இல் பதித்தவை. கூடையைத் தோளில் சுமக்கிற ஆண்கள், பழம் பறிக்கிற பெண்கள், பீப்பாய் ஏற்றிய படகு. ரயிலிலிருந்து இறங்குகிற எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சின்ன மொழி ஆராய்ச்சி. சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் போர்த்துகீசியத்திலிருந்து நம்மிடம் வந்த சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 'பீப்பாய்' அப்படி வந்தது என்பது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது. அவர்கள் 'பிப்பா' என்கிறார்கள். டோருவில் அது வெறும் மரப் பாத்திரம் இல்லை, அளவு. ஒரு பிப்பா என்றால் 550 லிட்டர். நம்மூரில் மரக்கால், படி என்று நெல் அளந்த மாதிரி இவர்கள் பிப்பாவில் ஒயின் அளக்கிறார்கள். ஒருத்தரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்டால்கூட "இத்தனை பிப்பா" என்றுதான் பதில் வருகிறது. இந்தப் பீப்பாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். அறுவையாக இருந்தால் ரெண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

1703-இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெத்யுவன் ஒப்பந்தம் போட்டன. போர்ச்சுகல் இங்கிலாந்தின் கம்பளித் துணியை வாங்கும். பதிலுக்கு இங்கிலாந்து, பிரெஞ்சு ஒயினுக்குப் போடுகிற வரியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக போர்த்துகீசிய ஒயினுக்கு வரி போடும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் எப்போதும் சண்டைதானே. டோரு ஒயினுக்கு அமோக கிராக்கி. கிராக்கி வந்தால் கலப்படமும் கூடவே வரும். வெளுத்த ஒயினுக்கு எல்டர் என்ற மரத்தின் கறுப்புப் பழத்தை நசுக்கிச் சாயம் ஏற்றினார்கள். கண்ட ஊர் ஒயினையும் டோரு என்று விற்றார்கள். பெயர் கெட்டது, விலை விழுந்தது.

1755 லிஸ்பன் பூகம்பத்துக்குப் பிறகு நாட்டையே தன் கைக்குள் வைத்திருந்த அமைச்சர் ஒருவர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பேர் வாங்கியவர், 1756-இல் ஒரு கம்பெனி தொடங்கி டோரு ஒயின் மொத்தத்தையும் அதன் கட்டுப்பாட்டில் வைத்தார். எந்த நிலத்தின் பழம் ஏற்றுமதி ஒயினுக்கு ஆகும் என்று எல்லை வகுத்து, கிரானைட் கல் நட்டார்கள். மொத்தம் 335 கல். எல்டர் மரங்களை வெட்டச் சொல்லி உத்தரவு. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். ஆனால் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757 பிப்ரவரியில் போர்ட்டோவில் கடைக்காரர்களும் சாமானியர்களும் கலகம் செய்தபோது, பலரைத் தூக்கில் போட்டார்கள். இதைச் சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பல கையேடுகளில் அந்த ஒரு வரியும் இல்லை.

'உலகத்தின் முதல் எல்லை வகுத்த ஒயின் பிரதேசம்' என்று இங்கே எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். இத்தாலியின் கியான்ட்டிக்கு 1716-இலேயே எல்லை சொன்னார்கள். ஹங்கேரியின் டோக்கைக்கு 1737-இல். ஆக, வெறும் எல்லைக்கு டோரு முதல் இல்லை. எல்லையோடு சேர்த்துத் தரம், விலை எல்லாவற்றையும் கண்காணிக்க ஓர் அமைப்பையும் வைத்ததில் முதல் என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால், நிலத்துக்குக் கல் நட்டு, ஒயினுக்கு அளவு வைத்து, விலைக்கு ஆள் வைத்த ஊர் இது. எதையுமே சந்தையின் போக்குக்கு விட்டுவிட்ட ஊர் இல்லை. பின்னால் நான் சண்டை போடப்போவது இதை வைத்துத்தான்.

சரி, குடிக்கப் போவோம்.

போர்ட் ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு இங்கே வரும்வரை தெரியாது. பறித்த பழத்தை 'லகார்' என்ற அகலமான கல் தொட்டியில் கொட்டி, ஆட்கள் இறங்கி மிதிக்கிறார்கள். இன்று பெரும்பாலும் மெஷின்தான். ஆனால் நல்ல சரக்குக்குப் பல தோட்டங்களில் இன்னமும் கால்தான். முதல் ரெண்டு மணி நேரம் வரிசையாகத் தோளோடு தோள் சேர்ந்து, லெஃப்ட் ரைட் மாதிரி மெதுவாக மிதிக்க வேண்டும். அதற்குப் பேர் 'கொர்த்தெ', அதாவது வெட்டு. அது முடிந்ததும் 'லிபெர்தாத்', விடுதலை. அப்புறம் பாட்டும் ஆட்டமும்தான். கால் ஏன் என்றால், பாதத்தில் விதை நசுங்காது. விதை நசுங்கினால் கசக்கும்.

சாறு புளிக்க ஆரம்பித்து, சர்க்கரையில் ஏறக்குறைய பாதி சாராயமாக மாறியதும், அதில் 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட் செத்துவிடும், புளிப்பது நின்றுவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிக்கிறது, அதனால்தான் தலைக்கும் ஏறுகிறது. சாதாரண ஒயின் 12, 13 சதவீதம் என்றால் இது 20 பக்கம். கணக்கு சுலபம்: சாறு 435 லிட்டர், சாராயம் 115 லிட்டர், கூட்டினால் 550. ஒரு பீப்பாய்!

நான் குடித்ததைச் சொல்கிறேன். எனக்கு ஒயின் பாஷை தெரியாது. நாக்கு நம்மூர் நாக்கு. ரூபி என்பது இளசு. நிறம் அசல் நாவல் பழம். ருசியும் கிட்டத்தட்ட அதுதான், துவர்ப்பு உட்பட. குடித்துவிட்டு நாக்கை நீட்டிப் பார்க்கத் தோன்றியது. டானி என்பது வருஷக்கணக்காக மரப் பீப்பாயில் கிடந்து, சிவப்பு போய்ப் பழுப்பானது. பத்து வருஷ டானியை ஒரு வாய் உறிஞ்சியதும் பேரீச்சம்பழம், வறுத்த முந்திரி, வெல்லப்பாகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இருபது வருஷ டானி கையில் வந்தபோது யாருடனும் பேசப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். வெள்ளை போர்ட்டில் டோனிக் கலந்து, ஐஸ் போட்டு, எலுமிச்சைத் துண்டு வைத்துத் தருகிறார்கள். வெயிலுக்கு அதை விட்டால் வேறு வேண்டாம். இனிப்பில்லாத சாதா ஒயினும் இங்கே உண்டு. அது நம்மூர்க் காரத்துக்கு ஈடு கொடுக்கிற ஒயின் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நம்மூரில் குடி என்றால் ஒன்று ஒளிந்து குடிப்பது, இல்லை மட்டையாகும்வரை குடிப்பது. இங்கே சாப்பாட்டு மேஜையில் பாட்டி, பேரன் எல்லாரும் இருக்க, ஒரு சின்னக் கிளாஸை ஒரு மணி நேரம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். குடிக்காதவரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இங்கேயும் குடியால் கெட்டவர்கள் உண்டு, ஐரோப்பா என்றால் எல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒளிக்காமல், அவசரப்படாமல் குடித்தால் ருசி தெரிகிறது. ருசி தெரிந்தால், இதை யார் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படித்தான் எனக்கு வம்பு ஆரம்பித்தது.

ரெண்டாம் நாள் பின்யாவிலிருந்து காஸால் டி லொய்வூஷ் என்ற மேட்டு ஊருக்கு நடந்தே ஏறினேன். (டாக்சிக்குக் காசு இல்லை என்பதை ஆரோக்கியம் என்று சொல்லிக்கொண்டேன்.) மேலே இருந்து பார்த்தால் டோரு ஆறு கீழே வளைந்து கிடக்கிறது. அந்தக் காட்சியை வார்த்தையில் சொல்லி நான் கெடுக்கப்போவதில்லை. ஏறும்போது மூச்சு வாங்க ஒரு கல்சுவரில் கை வைத்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. பலகை பலகையாக உடைகிற ஒருவகைப் பாறையை அடுக்கியே கட்டிய சுவர். மண் என்று பார்த்தால் மண்ணே கிடையாது. அந்தப் பாறையை உடைத்து உடைத்துத்தான் மண் செய்திருக்கிறார்கள். கொடியின் வேர் பாறை இடுக்கில் பல மீட்டர் கீழே இறங்கித் தண்ணீர் தேடுகிறது. இந்த ஊரில் ஒரு பழமொழி: ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்.

2001-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கில் 24,600 ஹெக்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் மாமல்லபுரமும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலும் இருக்கிற அதே பட்டியல். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கோயிலை நாளைக்கு யாரும் தொடாவிட்டாலும் கோயில் நிற்கும். டோருவை நாலு வருஷம் தொடாவிட்டால் டோரு இருக்காது. முள் வரும், சுவர் சரியும், படி படியாக இருக்கிற மலை மறுபடி வெறும் மலையாகிவிடும். கதை விடவில்லை. 1860-களில் ஃபிலாக்சரா என்ற பூச்சி வந்து கொடிகளின் வேரைத் தின்றபோது, பலர் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்படிக் கைவிட்ட படிகள் இன்னமும் கிடக்கின்றன. 'மொர்த்தோரியு' என்பார்கள், செத்த நிலம் என்ற அர்த்தத்தில். ரயிலிலிருந்தே பார்க்கலாம். நானும் பார்த்தேன், ஏதோ அழகான இடிபாடு என்று படம்கூட எடுத்தேன்.

அந்த மேட்டூரில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். எழுபது தாண்டியவர். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டேன். தண்ணீரும் கொடுத்து ஒயினும் கொடுத்தார். என் அரைகுறை போர்த்துகீசியத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு ரெண்டு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், அதுவும் நாலு இடத்தில் சிதறி. டோருவில் பெரும்பாலானவர்கள் இப்படிச் சின்ன ஆட்கள்தான். நாம் பாட்டிலில் பார்க்கிற பெரிய பெயர்கள் கொஞ்சம் பேர்.

அவர்தான் எனக்கு 'பெனெஃபீசியு' என்பதைப் புரிய வைத்தார். ஒவ்வொரு வருஷமும், எத்தனை பீப்பாய்ச் சாறு போர்ட் ஒயினாக மாறலாம் என்று முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சரிவு, உயரம், மண், கொடியின் வயது எல்லாம் பார்த்து மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்கு ஏற்ப அனுமதி அளவு பிரிகிறது. அனுமதிக்குள் வருகிற பழம் போர்ட்டுக்குப் போகும், நல்ல விலை. மிச்சப் பழம் சாதா ஒயினுக்கு.

"ஒரே கொடி தம்பி, ஒரே பழம்," என்றார் தாத்தா. "750 கிலோ பறிச்சா ஒரு பிப்பா. போர்ட்டுக்குன்னு சீட்டு இருந்தா ஆயிரம் யூரோ பக்கம் வரும். சீட்டு இல்லேன்னா அதே பழத்துக்கு முந்நூறு வந்தா பெரிசு. வாங்க ஆள் இருந்தா."

முந்நூறு யூரோவை 750-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 40 சென்ட். மருந்துக்கும் பறிக்கிற கூலிக்குமே அதற்கு மேல் ஆகிறது என்றார். ஒரு டிராக்டர்கூட ஏற முடியாத படிகள் அவை. சமவெளியில் மெஷின் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இங்கே ஆட்கள் குனிந்து குனிந்து நாள்கணக்கில் செய்ய வேண்டும்.

அந்தச் சீட்டும் வருஷா வருஷம் சுருங்குகிறது. 2023-இல் 104,000 பீப்பாய். 2024-இல் 90,000. 2025-இல் 75,000. ரெண்டே வருஷத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காலி. காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. உலகத்தில் போர்ட் குடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், கிடங்குகளில் பழைய சரக்கு தேங்கி நிற்கிறது. 2024 அறுவடையில் பலருக்குப் பழம் வாங்கவே ஆள் இல்லை. 2025 கோடையில் ரேகுவா தெருவில் விவசாயிகள் போராட்டம் நடத்தினார்கள். அவர்களின் பழைய கோரிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு பீப்பாயிலும் 115 லிட்டர் சாராயம் ஊற்றுகிறார்களே, அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. இங்கே பழம் விற்காமல் கிடக்கும்போது, அந்தச் சாராயத்தை இங்கே விளைந்த பழத்திலிருந்து காய்ச்சினால் என்ன? எனக்கு இதில் தப்பு தெரியவில்லை.

காசு எங்கே போகிறது? அதற்கு ஆற்றோடு கீழே வர வேண்டும். போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் காயா என்று ஒரு ஊர். நம் காயா பழமா விளையாட்டுக்குத் தோதான பேர். மேலே காய்த்தது இங்கே வந்து பழுக்கிறது! கடல் காற்று குளிர்ச்சி என்பதால் பீப்பாய்களை இங்கே கிடங்குகளில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். முற்காலத்தில் 'ரபேலு' என்ற படகில், பாறைக்கும் சுழலுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டு வந்தார்கள். 1861-இல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து, டோருவுக்கு வரைபடம் தந்த ஃபாரஸ்டர் என்ற வியாபாரியே மூழ்கிப் போனார். பிறகு ரயில், லாரி, அணைக்கட்டுகள் எல்லாம் வந்தன. இன்று ரபேலு படகுகள் காயா கரையில் கம்பெனிப் பாய் கட்டி விளம்பரத்துக்கு நிற்கின்றன. விஷயம் என்னவென்றால், 1986 வரை போர்ட் ஒயின் காயா வழியாகத்தான் ஏற்றுமதி ஆக முடியும் என்று சட்டம். விளைவித்தவர் தன் வீட்டிலிருந்து நேராக விற்க முடியாது. ஆக, தலைமுறை தலைமுறையாக மலையில் வேலை, ஆற்று முகத்தில் லாபம். சட்டம் மாறி நாற்பது வருஷம் ஆகிறது. தாத்தா மாதிரி ஆட்களுக்குக் கிடங்கு கட்டவும் வருஷக்கணக்கில் சரக்கைப் பூட்டி வைக்கவும் காசு ஏது?

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பின்யாவில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒரு பஞ்சாபிக்காரர். கையெல்லாம் திராட்சைக் கறை. என் ஓட்டை இந்தியில் "பாஜி, எந்த ஊர்?" என்று ஆரம்பித்தேன். டோருவின் கிராமங்களில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். அறுவடைக்கு இப்போது இந்தியா, நேபாளம், வங்கதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தச் சுவர்களைக் கட்டக்கூட அந்தக் காலத்தில் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு ஆட்கள் வந்தார்களாம், வெளியாள் உழைப்பு இங்கே புதிதில்லை. பாஜி கேட்டார்: "ஒயின் ருசி பார்த்தியா? எவ்வளவு வாங்கினாங்க?" சொன்னேன். சிரித்தார். ரெண்டு பேர் ருசி பார்க்கிற காசு அவருடைய ஒரு நாள் கூலியாம். கோபமாகச் சொல்லவில்லை. "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவர் ருசி பார்த்ததில்லையாம்.

இதற்கு என்ன மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். எகனாமிக்ஸ் படிக்கிற நண்பன் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான்: "வாங்க ஆள் இல்லேன்னா விளைவிக்கக் கூடாது. கொடியைப் பிடுங்கிட்டு வேற வேலை பார்க்கட்டும்." பாதி சரி. குடிப்பவர்கள் குறைவது நல்லதுகூட. யாரும் எனக்காக அதிகம் குடியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இடத்தில் சந்தை எப்போது சுதந்திரமாக இருந்தது? யார் விளைவிக்கலாம், எவ்வளவு விளைவிக்கலாம், எங்கிருந்து விற்கலாம் என்று 1756-இலிருந்து பெரும்பாலான காலம் சட்டம்தான் சொல்லி வந்திருக்கிறது. பெயரைக் காக்கச் சட்டம், வியாபாரியைக் காக்கச் சட்டம், காட்சியைக் காக்க யுனெஸ்கோ. விளைவிப்பவர் முறை வரும்போது மட்டும் 'சந்தை தீர்மானிக்கட்டும்' என்றால் அது என்ன நியாயம்? அதோடு, கொடியைப் பிடுங்கினால் காட்சியும் போகும். காட்சி போனால் கப்பல் சவாரியும் ஓட்டலும் ருசி பார்க்கும் கூடமும் எதை வைத்து நடக்கும்? சுற்றுலா மொத்தமும் அந்தத் தாத்தா குனிந்து நிமிர்வதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு அதில் பங்கு இல்லை.

என்ன செய்யலாம்? நான் அமைச்சர் இல்லை, மாணவன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். டோருவுக்குப் போகிற கப்பல் டிக்கெட்டிலும் ஓட்டல் பில்லிலும் ஒரு சின்னத் தொகையை எடுத்து, சரிவு நிலத்தில் சுவரைக் காப்பாற்றுகிறவருக்கு நேராகக் கொடுக்கலாம். தோட்டத்துக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் வைத்திருக்கிற ஊரில் இது முடியாத காரியம் இல்லை. பழத்துக்கு, விளைவிக்கிற செலவுக்குக் கீழே போகாத ஓர் அடிவிலை வேண்டும். சாராயம் உள்ளூர்ப் பழத்தில் காய்ச்ச வேண்டும்.

நாம்? ஒரு வாக்குமூலத்தோடு முடிக்கிறேன். டோருவிலிருந்து திரும்பிய வாரம் சூப்பர் மார்க்கெட் போனேன். அலமாரியில் இருந்ததிலேயே மலிவான ரூபி, ஐந்து யூரோ கூட இல்லை, எடுத்துக் கூடையில் போட்டேன். பில் போடும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் தாத்தாவின் நாற்பது சென்ட் ஞாபகம் வந்தது. ஐந்து யூரோவில் கடைக்கும், வரிக்கும், பாட்டிலுக்கும், வெளியூர்ச் சாராயத்துக்கும், கம்பெனிக்கும் போக அவருக்கு என்ன மிஞ்சும்? திரும்பப் போய் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒன்றரை வருஷமாக அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

விலை அதிகம் கொடுத்தால் மட்டும் விவசாயிக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தம் இல்லை, பெரிய பெயருக்கும் விலை அதிகம்தான். அதனால் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பின்பக்க லேபிளைப் படிக்கிறேன். விளைவித்தவரே பாட்டிலில் அடைத்திருந்தாலோ, கிராமத்துக் கூட்டுறவுக் கிடங்கு அடைத்திருந்தாலோ வாங்குகிறேன். மாதம் நாலு பாட்டிலுக்குப் பதில் ஒன்று. போனால் பெரிய கூடத்தில் ருசி பார்க்காமல் சின்னத் தோட்டத்துக் கதவைத் தட்டுவது. இதனால் டோரு பிழைத்துவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்து வாய் பிளந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பில் பாக்கி இருக்கிறது.

தாத்தாவுக்கு ரெண்டு பிள்ளைகள். ஒருவர் பிரான்சில், ஒருவர் லக்ஸம்பர்க்கில். உங்களுக்குப் பிறகு தோட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கிளாஸ் காலியாக இருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

எகனாமிக்ஸ் நண்பனும் மற்றவர்களும் கீழே வந்து திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு முன் அந்த 750 கிலோ கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.